கம்பெனி டப்பாவும் சொந்த டப்பாவும்

வீட்டுக்கு வீடு இன்டர்நெட் கொடுக்கிற தொழிலில் வயர் இழுப்பது ஒரு வேலையே இல்லை. இழுத்து முடித்துக் கையைத் துடைக்கிற நேரத்தில் வீட்டுக்காரர் அலமாரியைத் திறந்து, "அப்படியே இதையும் மாட்டி விட்டுட்டுப் போங்க" என்று தான் வாங்கி வைத்திருக்கும் டப்பாவை எடுப்பாரே, அங்கேதான் தொழில் ஆரம்பிக்கிறது.

இந்த வேலை பார்த்தவர்களுக்கு அந்த அலமாரிச் சத்தம் இப்போதும் காதில் விழும். வேலை பார்க்காதவர்கள் அலமாரியைத் திறந்தவர்களாக இருப்பீர்கள். எப்படியும் எல்லோரும் அவஸ்தைப்பட்டவர்கள்தான். அதனால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். கேபிள் டிவிக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். பிராட்பேண்டு வந்த புதிதில் ஒரு இன்டர்நெட் கம்பெனியில் ஒப்பந்த வயர்மேனாகச் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த ஏரியா மதுரையில் கோச்சடை. குடியிருப்பதும் அங்கேயே. இணைப்புக்கு இவ்வளவு என்று கூலி. கோச்சடையில் புதுப்புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருந்ததால் என் வீட்டு அடுப்பும் எரிந்தது. எந்த வீட்டில் தண்ணீர் கொடுப்பார்கள், எந்த வீட்டில் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள் என்பது தெரு வாரியாக எனக்குத் தெரியும். கொடுக்காதவர்களை இன்றைக்கும் பெயர் சொல்லிச் சொல்வேன். எழுத்தில் போடுவது மரியாதை இல்லை என்பதால் விடுகிறேன்.

கம்பெனி கொடுப்பது மோடம். அது டெலிபோன் வயரில் வருகிற இன்டர்நெட்டைப் பிடித்து ஒரு கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். வீட்டுக்காரர் கடையில் வாங்குவது ரூட்டர். அது மோடத்திடமிருந்து வாங்கி, வயரே இல்லாமல் வீடு முழுக்கப் பங்கு போடும். ஆனால் எங்கள் ஊரில் யாரும் மோடம் என்றும் சொல்வதில்லை, ரூட்டர் என்றும் சொல்வதில்லை. அது கம்பெனி டப்பா, இது சொந்த டப்பா. இரண்டையும் சேர்த்து வைப்பதற்குள் என் தலையில் இருந்த முடி போய்விட்டது.

லைட் எரிந்தால் போதும்

எங்கள் ஆபீஸ் தல்லாகுளத்தில். அங்கே வாடிக்கையாளர் போனை எடுக்க தினேஷ் என்று ஒரு இன்ஜினியர் தம்பியைப் போட்டார்கள். பிறந்து வளர்ந்தது சென்னை. இங்கிலீஷை இங்கிலீஷ் மாதிரியே பேசுவார். வந்த முதல் வாரமே எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சட்டம் சொன்னார். வயர்மேன் சொந்த டப்பாவைத் தொடக் கூடாது. அது கம்பெனிப் பொருள் இல்லை. கெட்டுப்போனால் கம்பெனி பதில் சொல்லாது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் நாலு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதையும் நான் மறக்கவில்லை.

"தம்பி, கம்பெனி டப்பாவை மட்டும் மாட்டிட்டு வந்தா வீட்டுக்காரர் விட மாட்டாரே" என்றேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கம்பெனி மோடத்துல லைட் எரிஞ்சா உங்க வேலை முடிஞ்சதுண்ணே. அவங்க டப்பா எரிஞ்சா என்ன, எரியாட்டி என்ன?"

ஒதுங்கி நின்ற ஓட்டை

கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். மகன் வாங்கிக் கொடுத்த சொந்த டப்பாவைத் தானே மாட்டிவிட்டு, நெட் வரவில்லை என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். டப்பாவின் முதுகில் வரிசையாக நாலு ஓட்டை, கொஞ்சம் தள்ளி நீலக் கலரில் ஒரு ஓட்டை. கம்பெனி டப்பாவிலிருந்து வரும் வயரை அந்த நீல ஓட்டையில்தான் சொருக வேண்டும். இவர் நாலில் ஒன்றில் சொருகியிருந்தார். நீல ஓட்டையின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது, அளவெடுத்து வெட்டின மாதிரி.

சட்டப்படி நான் தொடக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சார், அந்த டேப்பை உரிச்சுட்டு வயரை அதுல மாட்டுங்க" என்று வாயால் மட்டும் சொன்னேன். அவர் காபி குடித்துக்கொண்டே கேட்டார். எனக்குக் காபி இல்லை. நான் சொன்னதை அவர் நம்பவும் இல்லை. கம்பெனி டப்பாவில் லைட் எரிவதைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். நான் மொபெட்டை உதைப்பதற்குள் ஆபீசுக்குப் புகார் போய்விட்டது, ஆள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறான் என்று. அந்த டேப்புக்கு அவர் என்னிடம் சொல்லியிருந்த விளக்கம் இதுதான்: "நாலு ஒரே மாதிரி இருக்கு, ஒன்னு மட்டும் ஒதுங்கி நிக்குது. அப்ப அது ஸ்பேர்தானே? பல்லி போயிரக் கூடாதுன்னு நான்தான் டேப்பு ஒட்டுனேன்."

பொட்டு

அடுத்தது ஒரு சௌராஷ்டிரக் குடும்பம். ஜவுளி வியாபாரம், பெரிய வீடு, தண்ணீர் மட்டுமல்ல, காபியும் கொடுப்பார்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் கூப்பிட்டார்கள். முந்தின நாள் வரை ஓடின நெட் நின்றுவிட்டது. வீட்டில் கத்தரிக்கோல் முதல் கார் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சொந்த டப்பாவுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று குழம்பி, ஓட்டைகள் இருக்கிற பக்கம்தான் முகம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வயரை எடுத்துவிட்டுத் துடைத்து, நடு நெற்றி என்று பார்த்து, சரியாக அந்த நீல ஓட்டைக்குள் சந்தனத்தை அப்பி, வயரைத் திரும்பச் சொருகி வைத்திருந்தார்கள்.

குடும்பத்தார் அவர்கள் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரியாது. நடுவில் 'வயர்மேன்' என்று ஒரு வார்த்தை வந்தது, அதற்குப் பின்னால் ஒரு சிரிப்பும் வந்தது. அது என் மனதில் இருக்கிறது. ஆனால் காபி குடித்த வாய் சும்மா இருக்க முடியுமா? சட்டத்தை மீறி டப்பாவைத் தொட்டேன். பழைய பல் பிரஷால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, காய வைத்து மாட்டினேன். நெட் வந்துவிட்டது. இனிமேல் அந்த ஓட்டைக்குப் பொட்டு வைக்காதீர்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் வருத்தத்தோடு கேட்டார்: "கம்பெனி டப்பாவுக்கும்தான் வச்சோம், அது ஒன்னுமே சொல்லலையேண்ணே?"

பாராட்டு

அந்த அம்மா நல்ல மனசு. என்னைப் பாராட்ட வேண்டும் என்று ஆபீசுக்குப் போன் போட்டார். "உங்க ஆளு எங்க சொந்த டப்பாவையே கழற்றிச் சரி பண்ணிக் கொடுத்தாரு" என்று விவரமாகச் சொல்லியிருக்கிறார். எடுத்தது தினேஷ். அவர் மேனேஜரிடம் கொண்டு போனார். தொடவில்லை என்று ஒரு புகார், தொட்டான் என்று ஒரு பாராட்டு. இரண்டும் என் பெயரில்.

மேனேஜர் மதுரைக்காரர்தான், கத்த மாட்டார். கத்தாமலே சொன்னார், இன்னொரு தடவை என் பெயர் அடிபட்டால் கோச்சடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு என்னை அலங்காநல்லூருக்கு மாற்றிவிடுவதாக. "சார், அந்தம்மா நல்லதுதானே சொல்லியிருக்காங்க" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "புகார்னாலும் போன்தான் வருது, பாராட்டுன்னாலும் போன்தான் வருது. எனக்குப் போனே வரக் கூடாதுண்ணே."

அலங்காநல்லூர் லைன்

அலங்காநல்லூர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு வேலையாக ஏற்கெனவே போயிருந்தேன். நல்ல ஊர், நல்ல ஜனங்கள், மோர் கொடுப்பார்கள். ஆனால் இன்டர்நெட் கேட்பவர் அந்தப் பக்கம் அத்தி பூத்த மாதிரி. கூலியோ இணைப்புக்குத்தான். அங்கே மாற்றினால் மொபெட்டுக்குப் பெட்ரோல் போட்டே குடும்பம் முடிந்துவிடும். அந்த ஊரிலேயே மாடு வளர்க்கிற ஒருவர் மட்டும் விண்ணப்பம் போட்டிருந்தார். லைன் இன்னும் அங்கே வரவில்லை, கொஞ்ச நாளாகும் என்று சொல்லத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, ஆற்றில் திறந்துவிட்ட தண்ணீரை விசாரிப்பதுபோல் கேட்டார்: "இப்ப நெட்டு எம்புட்டுத் தூரம் வந்துருக்குண்ணே, சிக்கந்தர்சாவடி தாண்டிருச்சா?"

பாய் வீட்டில் சூடு

இப்படித் தலைக்கு மேல் கத்தி தொங்கும்போதுதான் பாய் வீட்டு வேலை வந்தது. டவுனில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். கோச்சடையில் புது வீடு கட்டிக் குடிவந்திருந்தார். துபாயில் இருக்கும் மகன் ஒரு சொந்த டப்பா அனுப்பியிருந்தான். வயர் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் நெட் வரவில்லை. இரண்டு டப்பாவுக்கும் உள்ளே ஒரே விலாசம். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அதுதான் நடந்தது. சரி செய்ய வேண்டுமானால் சொந்த டப்பாவுக்குள் கை வைக்க வேண்டும், இல்லை கம்பெனி டப்பாவின் வேலையைக் குறைக்க வேண்டும். எனக்கோ அலங்காநல்லூர் கண்ணுக்குத் தெரிந்தது. "பாய், எனக்கு இதைத் தொட அனுமதி இல்ல. ஆபீசுக்குப் போன் போடுங்க, இன்ஜினியர் சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் பாயே என்னைக் கூப்பிட்டார். போனால், கூடத்தில் சொந்த டப்பா மேஜைமேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு வயர் தரையில் ஓடி, அடுப்படிக்குள் போய், கரண்டு வயரோடும் டெலிபோன் வயரோடும் சேர்ந்து பிரிட்ஜ் கதவு இடுக்கு வழியாக உள்ளே போகிறது. கதவைத் திறந்தேன். முட்டைக்கும் இஞ்சி பூண்டு விழுதுக்கும் நடுவில் கம்பெனி டப்பா வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"யார் பாய் இங்க வச்சது?"

"ஆபீஸ் தம்பிதாண்ணே சொன்னாப்ல. மோடத்தை பிரிட்ஜ்ல போட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திருப்பி ஆன் பண்ணுங்கன்னு. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. நேத்து தொட்டா சுட்டுச்சுல்ல?"

"இது இப்ப செத்துப்போச்சு பாய்."

"மவுத்தாப்போச்சா?" என்றார். பிரிட்ஜ் கதவைத் திறந்து மூடிக் காட்டிச் சொன்னார்: "லைட்டு எரியுதான்னு பாருங்கன்னும் சொன்னாப்லண்ணே, கதவைச் சாத்துன பொறவு உள்ள எரியுதா இல்லையான்னு மனுசன் எப்படிப் பார்க்கிறது?"

விசாரணை

செத்த டப்பாவைக் கொண்டு போய் ஆபீசில் வைத்தேன். தினேஷ் அதை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். மேனேஜரிடம் போய், "நான் இன்ஜினியர் சார், பிரிட்ஜுக்குள்ள வைக்கச் சொல்லுவேனா? வீட்டுக்குப் போனது வயர்மேன் அண்ணன்தான்" என்றார். என் ஏரியா அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கியது. மேனேஜர் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு நேராகப் பாய் வீட்டுக்கே வந்துவிட்டார்.

பாய் நடந்ததைச் சொன்னார். போனில் பேசிய குரல் இந்தத் தம்பி குரல்தான் என்று தினேஷைக் காட்டினார். தினேஷுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சார், நான் பிரிட்ஜ்னுதான் சொன்னேன்."

"அதைத்தானப்பா அவரும் சொல்றாரு" என்றார் மேனேஜர்.

"அந்த பிரிட்ஜ் இல்ல சார். இது வேற பிரிட்ஜ்."

"இந்த வீட்டுல ஒரு பிரிட்ஜ்தான இருக்கு?"

"அய்யோ சார், பாலம். பாலம்னு அர்த்தம்."

மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். "மோடத்தைக் கொண்டுபோய்ப் பாலத்துல போடச் சொன்னியா? எந்தப் பாலம், ஆத்துப் பாலமா?"

அது மோடத்துக்குள் மாற்றி வைக்கிற ஒரு முறை, கம்பெனி டப்பா வெறும் பாலம்போல் நெட்டைக் கடத்திவிட்டு, மற்ற வேலையைச் சொந்த டப்பாவிடம் விட்டுவிடும் என்று தினேஷ் இங்கிலீஷில் பாதி, தமிழில் பாதியாக விளக்கினார். உதட்டை மடித்து அந்த வார்த்தையை இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டினார். மேனேஜர் சொல்லிப் பார்த்தார். பாய் சொல்லிப் பார்த்தார். நானும் சொல்லிப் பார்த்தேன். மூன்று பேர் வாயிலும் பிரிட்ஜ் பிரிட்ஜாகத்தான் வந்தது. உள்ளேயிருந்து பாயின் மனைவி, "பாலை எடுத்து வைக்கலாமா, இன்னும் ஏதும் வைக்கணுமா?" என்று கேட்டார்.

மேனேஜர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். கம்பெனிப் பொருள் உங்கள் வீட்டில் கெட்டுப்போனதால் நீங்கள்தான் பொறுப்பு என்று பாயிடம் மெதுவாக ஆரம்பித்தார். பாய் குரலை உயர்த்தவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க டப்பா உங்க ஆளு சொன்ன இடத்துலதான் இருந்துச்சு சார். என் டப்பாவை நான் வெளியத்தான் வச்சிருந்தேன்."

மேனேஜர் எழுந்து செருப்பைத் தேடினார். பாய்க்குப் புது மோடம் போயிற்று. வயர்மேன் தொடலாம், ஆனால் தொட்டது வெளியே தெரியக் கூடாது என்று சட்டம் மாறியது. ஜனங்கள் காதில் எது எப்படி விழுகிறது என்று கற்றுக்கொள்ள தினேஷை ஒரு மாதம் அலங்காநல்லூர்ப் பக்கம் அனுப்பினார்கள். போகும்போது அவர் என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் வழி சொல்லவில்லை. கோச்சடை என் கையில் நின்றது. அதைக் காப்பாற்றிக் கொடுத்தது என் உழைப்பும் இல்லை, கம்பெனியின் நியாயமும் இல்லை, மதுரைக்காரன் வாயில் பாலமும் ஐஸ் பெட்டியும் ஒரே சத்தத்தில் வருவதுதான்.