தேன்பருந்து: ஒன்று

போன வாரம் காய்ச்சலென்று டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய், நம்பர் துண்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று வந்து நின்றது. நாலு பெண்களைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். முகமெல்லாம் வீங்கிப் போயிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை. அந்த ஈரச் சாக்கு வாடை நடை முழுக்க நின்றது. "குளவிங்க" என்றார் கூட வந்தவர், யாரும் கேட்காமலே. நான் மருந்து வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அது எங்கள் வீட்டு வாடை. லயமென்கிற தோட்டத்து வரிசை வீட்டில் எங்கள் காம்பராக் கதவுக்குப் பின்னால் மதினியின் படங்கு தொங்கும். மதினி என்றால் அண்ணன் மனைவி புஷ்பம். நான் ஏ.எல். எழுதிவிட்டு வேலையில்லாமல் லயத்து வாசலைத் தேய்த்துக்கொண்டிருந்த வருசம், கொழும்பிலிருந்து பறவை ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்தார். ஐப்பசியில் வடக்கேயிருந்து வந்திறங்கும் பருந்து, வல்லூறுகளை எண்ண ஆள் வேண்டுமாம். மலை உச்சியில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறதெல்லாம் ஒரு வேலையா என்று தோட்டமே சிரித்தது. நீங்களும் சிரிக்கலாம், தப்பில்லை.

அதிகம் சிரித்தவர் மதினிதான். "நான் கொழுந்தெடுக்கப் போறேன், எங் கொழுந்தன் பருந்தெடுக்கப் போறாரு" என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொல்லிவிட்டார். அதுவே எனக்குப் பட்டப்பெயராகிவிட்டது. விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவதைப் பெரட்டு என்போம். நான் வீடு திரும்பியதும் மதினி கேட்பார்: "இன்னைக்குப் பெரட்டுக்கு எத்தன பருந்து வந்துச்சு தம்பி?" ஆனால் எனக்கு ரொட்டியும் சம்பலும் கட்டித் தருவதில் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

பத்து மணிக்கு வெயில் ஏறினால் பருந்துகள் வட்டமிடத் தொடங்கும். இரண்டு மணிக்கெல்லாம் பனிமூட்டம் வந்து கடையைச் சாத்திவிடும். கழுத்தில் தொங்கிய பைனாகுலர் என்னைத் துரையாக்கிவிட்டிருந்தது. லயத்துக்குள் வந்தும் கழற்றமாட்டேன். அப்படி ஒரு கொழுப்பு.

ஒரு மத்தியானம் உச்சிக்குக் கீழே அஞ்சாம் நம்பர் தேயிலை மலையில், ஒரு நிழல் மரத்தில் தேன்பருந்து இறங்கியது. பெயரில்தான் தேன், தின்பது கூட்டுக்குள் இருக்கும் புழுவை. பெரிய குளவிக் கூடொன்றைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் போனது. மிச்சக் கூடு தொங்க, குளவிகள் வெறி பிடித்துச் சுற்றின. எழுதினேன்: நேரம், இடம், தேன்பருந்து ஒன்று. ஆராய்ச்சிக்காரர் தோளில் தட்டினார். "கூடு இருக்கிற இடத்த மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க. எரிச்சிருவாங்க. பருந்துக்குச் சாப்பாடு இல்லாமப் போயிரும்."

சாயங்காலம் மதினியிடம் கதையளந்தேன்.

"எந்த மலையில தம்பி?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது மதினி."

"அடேங்கப்பா, பெரிய துரைதான்!"

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் பெரட்டில் மதினியையும் கூட எடுக்கிற ஆட்களையும் அஞ்சாம் நம்பருக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் அதற்குள் உச்சிக்கு ஏறிவிட்டேன். கீழே பெண்கள் அலறியபோது என் கண் வானத்தில் இருந்தது. ஒரு பருந்துக் கூட்டம் கடந்துகொண்டிருந்தது. அதை எண்ணி எழுதி முடித்துவிட்டுத்தான் கீழே பார்த்தேன். ஓடிப் போனபோது கூடைகள் கொழுந்தோடு கவிழ்ந்து கிடந்தன. மதினி ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

அடுத்த வருசம் அறிக்கை புத்தகமாக வந்தது. தேன்பருந்து கூட்டைப் பிய்த்த காட்சிக்கு ஒரு முழுப் பந்தி. மதினிக்கு ஒரு வரி இல்லை. ஆராய்ச்சிக்காரரைக் குறை சொல்லி என்ன, அவர் பருந்துக்காக வந்தவர். நான் மதினி கையால் சாப்பிட்டவன்.

இப்போது அந்த உச்சியில் யாரும் எண்ணுவதில்லை. போன் டவர் ஒன்று நிற்கிறது. அஞ்சாம் நம்பரில் நிழல் மரங்கள் இல்லை, எங்கள் லயத்தில் பாதிக்குக் கூரை இல்லை. பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டார்கள். அண்ணன் வட்டவளையில் மகள் வீட்டில் இருக்கிறார். தீபாவளிக்குப் போயிருந்தேன். மதினி படத்துக்கு மாலை போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"அங்க கூடு இருக்குன்னு ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சிருந்தா, அவ போயிருப்பாளா தம்பி?"

"யாருக்கும் தெரியலையேண்ணே" என்றேன்.