திரும்பி வந்த சம்பளமும் என் வயித்தெரிச்சலும்

எனக்கு வயித்தெரிச்சல் கொஞ்சம் ஜாஸ்தி. மறைச்சு இன்னா ஆவப் போவுது? ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில சம்பளம் போடுற வேலை என்னுது. மேனேஜர் சம்பளத்தப் பாத்தாக்கூட எனக்கு ஒண்ணும் தோணாது, பழகிப்போச்சு. ஆனா திரும்பி வந்த ஒரு சம்பளத்தப் பாத்து வயிறெரிஞ்சேன் பாருங்க, அதத்தான் சொல்றேன்.

சம்பளம் போட்ட மறுநாள் பேங்க்ல இருந்து மெயில் வந்துச்சு. ஒரே ஒரு ஆளோட பணம் ரிட்டர்ன், அக்கவுண்ட மூடிட்டாங்களாம். ஷூவோட மேல்பாகம், அதான் அப்பர், தைக்கிற செக்‌ஷன்ல வேலை செய்யுறவ, பேர்ணாம்பட்டு பஸ்ல வர்றவ, என் வயசுதான் இருக்கும். வந்த பணத்த 'கொடுக்கப்படாத சம்பளம்'னு தனியா கணக்குல ஏத்திட்டு, ரெக்கார்டுல இருந்த நம்பருக்குத் தகவல் சொல்லலாம்னு போன எடுத்தேன். அதுக்குள்ள, சம்பளம் இன்னும் வரலன்னு அவளே டீ டைம்ல வந்து நின்னா.

"மேடம், அந்த நம்பருக்கு மட்டும் போன் போட்டுடாதீங்க. அது அவரு நம்பரு."

எங்க கம்பெனில ஆள் சேர்ந்தா பேங்க்காரங்க கேன்டீனுக்கே வந்து மொத்தமா அக்கவுண்ட் தொறந்து குடுப்பாங்க. தைக்கிற லைனுக்கு வேலைக்குப் போறவங்களோட போன கேட்லயே வாங்கி வச்சுடுவாங்க. அதனால பொம்பளைங்க முக்கால்வாசிப் பேரு வீட்டுக்காரர் நம்பரத்தான் எழுதிக் குடுக்குறது. மெசேஜும் அவருக்கு, கார்டும் அவருகிட்ட. இவ ஷிஃப்ட் முடிச்சு பஸ் ஏறுறதுக்குள்ள அந்த ஆளு பணத்த எடுத்துடுவாராம். பொண்ணுக்கு ஸ்கூல் பீஸ் கட்டக்கூட மிஞ்சுறதில்லையாம். பொறுத்துப் பாத்தவ, ஒரு நாள் லீவு போட்டுப் போயி அத மூடிட்டு, வேற பேங்க்ல தன்னோட நம்பரக் குடுத்து புதுசா ஒண்ணு தொறந்துட்டா. ஆதார இணைச்சதும் கேஸ் மானியம் தானா புது அக்கவுண்ட்டுக்கு வந்துடுச்சாம். சம்பளமும் அப்படியே பின்னாடி வந்துடும்னு நெனச்சுட்டா மகராசி. ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லல.

சம்பளம் இன்னா கேஸ் மானியமான்னு கத்துனேன். பாஸ்புக் நகல் எங்க, லெட்டர் எங்க, மேனேஜர் கையெழுத்து யாரு வாங்குறதுன்னு வாய்க்கு வந்தபடி திட்டுனேன். தலையக் குனிஞ்சு நின்னா. அவ செஞ்ச தப்புக்கு அவ்ளோ திட்டுத் தேவையே இல்ல. இத்தன வருசமா எனக்கு வராத தைரியம் இவளுக்கு எப்படி வந்துச்சுன்னுதான் எனக்கு எரிஞ்சுச்சு. என் அக்கவுண்ட்லயும் அவரு நம்பர்தான். சம்பளம் போடுறது நான், அது வந்துடுச்சுன்னு எனக்குச் சொல்றது அவரு.

மத்தியானம் அவ வீட்டுக்காரர் ஆபீஸுக்கே போன் பண்ணாரு. இன்னும் சம்பளம் விழலியே, இன்னா பேஜார் இதுன்னாரு. ரிட்டர்ன் ஆயிடுச்சு, அவங்க அக்கவுண்ட மூடிட்டாங்கன்னு ஒரு வரி சொன்னாப் போதும், அவ கதை அன்னிக்கே முடிஞ்சிடும். நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சு. எனக்குக் கெடைக்காதது இவளுக்கு மட்டும் எதுக்குன்னு ஒரு நிமிசம் நெனச்சேன், பொய் சொல்ல மாட்டேன்.

"அவங்க சம்பளத்தப் பத்தி அவங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவோம்"னு சொல்லிப் போன வச்சுட்டேன். என் வீட்டுக்காரர்கிட்ட யாரும் இதுவரைக்கும் அப்படிச் சொன்னதில்ல.

மறுநாள் பேப்பரெல்லாம் குடுத்தா. அக்கவுண்ட் நம்பர ரெண்டு வாட்டி சரிபாத்து, கையெழுத்து வாங்கி, திரும்பப் பணத்தப் போட்டேன். சாயந்திரம் கேட்ல போன வாங்குனவ நேரா என் டேபிளுக்கு ஓடி வந்து மெசேஜக் காட்டுனா. மூஞ்செல்லாம் சிரிப்பு. அந்த மூஞ்சியப் பாக்கவே எனக்குப் புடிக்கல.

"இனிமே எனக்கும் உங்கள மாதிரி நேரா போனுக்கே வந்துடும் இல்ல மேடம்?"

ஆமாம்மான்னேன்.

வீட்டுக்குப் போயி, செருப்பு அறுந்துபோச்சு, முந்நூறு ரூபா குடுங்கன்னு அவருகிட்ட கேட்டேன். ஷூ கம்பெனில வேலை செய்யுறவளுக்கு அடிக்கடி எதுக்குச் செருப்புன்னு கேட்டுட்டு, பர்ஸ எடுத்தாரு.