படுத்திருக்கும் வரிகள்

இடக்கைச் சுண்டுவிரல் ஷிப்ட் விசையைப் பிடித்திருக்க, வலக்கை அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே கீழே இறங்குகிறது. புரோகிராமின் நாற்பது வரிகள் நீலமாகின்றன. மேலே ஒரு குறி, கீழே ஒரு குறி. இனிக் கணினி அவற்றை வாசிக்காது. ஆனால் அவை அழியவுமில்லை, சாம்பல் நிறத்தில் அங்கேயே கிடக்கும். தலைமாட்டில் ஒரு குறிப்பும் எழுதுகிறார் ஜொனதன் அண்ணை: ‘டொக்டர் நாள் மாத்தினபடியால் நிப்பாட்டினது. பிறகு தேவைப்படும்.’

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ஒன்பது வருடம். மானிப்பாய்ப் பக்கத்து மருத்துவ நிலையம் ஒன்றுக்காக, நோயாளர் வரவேண்டிய நேரத்தைக் குறுஞ்செய்தியில் அறிவிக்கும் புரோகிராமை எழுதியவர்.

“அண்ணை, உங்கடை புரோகிராமிலை வேலை செய்யிற வரியை விடச் செத்த வரிதான் கூட” என்பாள் பக்கத்து மேசை ஜெயந்தினி.

“சாகேல்லைப் பிள்ளை, படுத்திருக்கு.”

ஒவ்வொரு மாற்றத்தையும் திகதியோடு காத்துவைக்கும் ‘கிற்’ மென்பொருளை ஐந்து வருடத்துக்கு முன்பே அவருக்கு நான் போட்டுக்கொடுத்தேன். கேட்டால், “அதுவும் பாவிக்கிறன்தானே” என்பார். பாவிக்கிறார். சாம்பல் வரிகளையும் சேர்த்தே அதற்குள் அனுப்புகிறார். நான் சொல்லிக் களைத்துவிட்டேன்.

போன கிழமை டொக்டர் மறுபடி செவ்வாய்க்கு மாறினார். அண்ணை புதிதாக எழுதவில்லை. படுத்திருந்த துண்டொன்றை எழுப்பிவிட்டார். செவ்வாய்க்கென்று மூன்று துண்டுகள் கிடந்தன. அவர் எழுப்பியது ஆகப் பழையது.

இன்று செவ்வாய். காலையில் மருத்துவ நிலையத் தாதி மக்டலீனின் அழைப்பு எனக்கு வந்தது.

“தம்பி, முப்பத்தெட்டுச் சனம் மெசேஜைப் பாத்து ஒன்பது மணிக்கே வந்து குந்தியிருக்கு. டொக்டர் ரெண்டு மணிக்குத்தான் வருவார். எல்லாரும் என்னைத்தான் ஏசுகினம். நாலு மணிக்கு அடுத்த கிழமைக்குரிய மெசேஜ் போகும். அதுவும் பிழைச்சால், உங்கடை புரோகிராமே வேண்டாம் எண்டு எங்கடை நிலையத்துப் பெரியவர் சொல்லிப்போட்டார்.”

அண்ணை என்னைப் பார்த்தார். கிற்றைத் திறந்து, இப்போது புரோகிராமில் இல்லாத, நான்கு வருடத்துக்கு முந்திய ஒரு வரியைத் திகதியோடு எடுத்துக் காட்டினேன். “அழிச்சாலும் இதுக்குள்ளை கிடக்கும், அண்ணை.”

பிறகுதான் அவர் சாம்பல் வரிகளை அழிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு துண்டின் குறிப்பையும் வாசித்து, வாசித்து அழித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள் போயின. பதினொரு வரி புதிதாக எழுதினார். சோதனைக்கு அனுப்பிய செய்தி, ‘செவ்வாய், பி.ப. 2 மணி’ என்று மக்டலீனின் கைபேசிக்குச் சரியாகப் போய்ச்சேர்ந்தது. அப்போது மூன்றரை மணி.

மடிக்கணினியை என் பக்கம் தள்ளினார். “நீயே கிற்றுக்கு அனுப்பு. என்ரை கை போகுதில்லை.”

சொல்லிவிட்டு, இரு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.