சதுப்பில் சின்னக் கால்தடம்

வட நார்வேயில் சதுப்பு நிலத்தில் விளையும் முல்தெப் பழத்தைப் பறிக்கிற இடத்தை யாரும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். கேட்பதே மரியாதைக் குறைவு. அதிலும் தோர்லைவ் இருக்கிறாரே, அடேயப்பா! மீன்பிடிப் படகில் உழைத்த காலத்திலிருந்தே அந்த மஞ்சள் பழத்துக்குக் கிளம்பினால் முதலில் தெற்கே நடப்பார். ஊர்க் கண் மறைந்ததும் காட்டைச் சுற்றிக்கொண்டு வடக்கே திரும்புவார். கட்டின மனைவி ஓட்னியிடம்கூட அவர் வாய் திறந்ததில்லை.

இரண்டு வருஷமாக வீட்டில் பொருள்கள் களவு போயின. கண்ணாடி, கத்தி, கம்பளிக் கையுறை. மூளையில் ஒரு பகுதி வயதால் சுருங்கிவருகிறது, பழசெல்லாம் நிற்கும், புதுசுதான் தங்காது என்றார் மருத்துவர். கத்திக்கென்ன கால் முளைத்ததா என்று தோர்லைவ் அவரிடமே சண்டைக்குப் போனார். மருத்துவர் மேலும் சந்தேகம்தான்.

அன்று சதுப்பில் மருந்துக்கு ஒரு பழம் இல்லை. பாசியில் ரப்பர் பூட்ஸ் தடம், சின்னக் கால். விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பினார். வீட்டு வாசலில் ஓட்னியின் பூட்ஸ் ஈரத்தோடு நின்றது.

"திருடி! என் பின்னாலயே மோப்பம் பிடிச்சு வந்தியா?"

அடுப்படியில் பழத்தைச் சர்க்கரையோடு கிளறிக்கொண்டிருந்த ஓட்னி திரும்பவில்லை.

"வந்தேன். வழி தவறிப் போயிடுவீங்களோன்னு வந்தேன். நீங்க வீட்டுப் பக்கம் திரும்பினதும் குறுக்கு வழியில முந்திக்கிட்டேன். பழத்தை நாம ரெண்டு பேரும்தான் போன வாரமே பறிச்சோம்."

"புளுகாதே! உன்கிட்ட நான் எதுக்கு இடத்தைக் காட்டறேன்?"

"நீங்கதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனீங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கினீங்க. போன வருஷமும் அதே கூத்துதான். நானும் அப்பத்தான் பாக்கற மாதிரி வாயைப் பொளந்து நின்னேன்."

விட்டுவிடுவாரா? "அங்கே என்ன மரம் இருக்கு, சொல்லு பாப்போம்!"

"இடி விழுந்த பைன். அதுகிட்ட நின்னு, இத்தனை வருஷம் உனக்குச் சொல்லாம இருந்துட்டேனேன்னு அழுதீங்க."

தோர்லைவ் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். மரம் சரி. அழுகைதான் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"தப்புதான் ஓட்னி. இனிமே சத்தியமா உன்னைத் திருடின்னு சொல்ல மாட்டேன்."

ஓட்னி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி," என்றாள். "நேத்தும் இதையேதான் சொன்னீங்க."