நர்சரியில் ஒரு முன்வரிசை ஆட்டக்காரன்

இன்றைக்கும் நர்சரியிலிருந்து ப்ரோகன் என் மகளின் ஷூ கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டு, அதன்மேல் கறுப்பு டேப்பையும் சுற்றி அனுப்பியிருக்கிறான். ரக்பி மைதானத்தில் பூட்ஸ் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக ஆட்டக்காரர்கள் செய்யும் வேலை இது. மூன்று வயதுப் பிள்ளைக்கு எதற்கு? எங்கள் ஊர் ஃபெதர்ஸ்டனில் பாதி வீடுகளில் இந்நேரம் யாராவது ஒருவர் முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார். கேட்டால், "நாள் முழுக்கக் கழலவே இல்லல்ல? அப்ப நல்ல முடிச்சுதானே!" என்பான்.

பதினேழு வயது. வாசலில் வந்து நின்றால் வெளிச்சம் மறையும். மூக்கு ஒருமுறை உடைந்து, கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருக்கும். ஊர் இளைஞர் அணியில் முன்வரிசை ஆட்டக்காரன். மோதுவதுதான் அங்கே அவன் வேலை. நர்சரியில் குட்டி நாற்காலியில் பாதி உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு ஆரஞ்சு உரிப்பான். தூங்கும் நேரத்தில் இரண்டு பக்கமும் இரண்டு குழந்தைகளைப் போட்டுத் தட்டிக்கொடுப்பான்; குழந்தைகளுக்கு முன்னால் இவன் கொட்டாவி விடுவான். பாட்டு மட்டும் வராது. அவன் எடுத்துக்கொடுக்கும் சுருதியிலேயே இப்போது மொத்த அறையும் பாடுகிறது, என் வீட்டுக் குளியலறையும் பாடுகிறது.

பள்ளி முடிந்ததும் அவன் கூட்டாளிகள் சிலர் ஏட்டுப் படிப்புக்குப் போனார்கள், சிலர் எலக்ட்ரிக்கல் வேலைக்கான டி லெவல் தொழிற்படிப்பில் சேர்ந்தார்கள். இவனும் டி லெவல்தான், ஆனால் குழந்தைப் பராமரிப்பு. வாரத்தில் சில நாள் கல்லூரி, சில நாள் இந்த நர்சரியில் வேலைப் பயிற்சி. வகுப்பில் இவன் ஒருவன்தான் பையன். "ஏம்பா இதை எடுத்த?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மைதானத்துலயும் சேறு, அழுகை, மூக்கொழுகல். இங்கயும் அதேதான். எனக்குப் பழக்கமானது" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "பேச்சே வராத புள்ள ஒண்ணு நேத்து என்கிட்ட வந்து தண்ணின்னு கேட்டுச்சு. வீட்டுக்குப் போற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு நிக்கல."

வீட்டில்தான் சிரிப்பு நின்றுவிடும். அவன் அப்பா கிராண்ட் ஹெப்வொர்த் லாரி ஓட்டுகிறார். சத்தமான மனிதர், மோசமானவர் இல்லை. ஆனால் கிளப்பில் எல்லோரிடமும் பையன் எலக்ட்ரிக்கல் படிக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார். படிப்பை மாற்றிக்கொள்ளக் கல்லூரி கொடுத்த தவணை முடியும்வரை, "இப்பவும் மாறிக்கலாம்டா, யாருக்கும் தெரியாது" என்று தினமும் நச்சரித்தார். "மாற மாட்டேன்ப்பா" என்று இவனும் தினமும் சொன்னான். தவணை முடிந்தது. அதன்பின் இருவருக்கும் இடையே ரக்பிப் பேச்சு மட்டும்தான்.

"முட்டி வலிக்குதான்னு கேக்குறாரு, சாப்டியான்னு கேக்குறாரு. நர்சரில இன்னிக்கு என்னடான்னு மட்டும் கேக்கவே மாட்டேங்கிறாரு" என்றான் என்னிடம். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல். எனக்கு வந்த கோபத்தில் அந்த மனிதரை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றிருந்தேன்.

போன சனிக்கிழமை ஆட்டத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கம்பித் தடுப்போரம் இறைச்சி அடைத்த பலகாரமும் பட்டாணியுமாக கிராண்ட் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் சிநேகிதர் வில்ஃப்.

"எங்க வீட்டு சமையக்கட்டு லைட்டு மினுக் மினுக்குங்குது. உன் பையன வந்து பாக்கச் சொல்லேன்" என்றார் வில்ஃப்.

"சொல்றேன், சொல்றேன்" என்று கிராண்ட் பலகாரத்தை அவசரமாகக் கடித்தார்.

இடைவேளை விசில் ஊதியதுதான் தாமதம், என் மகள் கம்பிக்கு அடியில் நுழைந்து "ப்ரோகன்!" என்று கத்திக்கொண்டே ஓடிவிட்டாள். கிட்டே போனதும் அவன் மூக்கில் ரத்தத்தைப் பார்த்து வீறிட்டாள். அவன் ஒன்றுமில்லை என்று மழுப்பவில்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்தான். "ஆமா, ரத்தந்தான். கொஞ்சமா வலிக்குது. உனக்குப் பயமா இருக்கா?" அவள் தலையாட்டினாள். அழுகை விக்கலாகி, விக்கல் நின்று, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

வில்ஃப் முழங்கையால் இடித்தார். "என்னய்யா கிராண்ட், அந்தப் பாப்பாவுக்கும் உன் பையன் கரண்ட் கனெக்‌ஷன் குடுத்தானா?" கம்பியோரமே சிரித்தது.

கிராண்ட் கையிலிருந்த பலகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அடுத்த மைதானத்துக்கும் கேட்கும் தன் வழக்கமான குரலில் சொன்னார்: "அவன் எலக்ட்ரீஷியன் இல்ல. நர்சரில வேலை கத்துக்குறான்."

"என்னது?"

"காது அடைச்சிருக்கா உனக்கு? குழந்தைங்களப் பாத்துக்கப் படிக்கிறான். நல்லாவே பாத்துக்குறான். கண்ணு இருக்குல்ல, பாரு!"

நான் கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போயினவோ தெரியவில்லை. பெற்றதென்னவோ அவர்தான், பெருமை எனக்கும் பொங்கியது.

அடுத்த விசில் வந்தது. ப்ரோகன் ஆடப் போக வேண்டும்; என் மகள் கழுத்தை விடுவதாக இல்லை. நான் நகர்வதற்குள் கிராண்ட் பலகாரத்தை வில்ஃபின் கையில் திணித்துவிட்டுக் கம்பியைத் தாண்டிப் போய்விட்டார். "வா குட்டி, மாமாகிட்ட வா" என்று மேலிருந்து கையை நீட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நின்னுக்கிட்டு கூப்ட்டா வர மாட்டாங்கப்பா. அவங்க முகத்துக்கு நேரா இருக்கணும். கீழ உக்காரு."

கிராண்ட் ஒருமுறை தன் வெளுத்த கால்சட்டையைப் பார்த்தார், ஒருமுறை கம்பியோரம் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு முழங்காலையும் சேற்றில் ஊன்றி, மகனை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டார்: "அப்புறம் என்னடா செய்யணும்?"