ஏறவும் இறங்கவும் ஒரு கல்

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும். ஏறவும் இறங்கவும்தான் தெரியாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஓட்டத் தெரிந்தவளுக்கு ஏறத் தெரியாதா என்று கேட்கிறார்கள். தெரியாது, அவ்வளவுதான்.

அரியலூர் தனி மாவட்டமாகி, மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்துவிட்டிருந்த சமயம் அது. பால்வாடி டீச்சர்கள் சைக்கிள் கற்றுக்கொண்டால் நல்லது என்று ஆபீஸில் சொன்னார்கள். நாங்கள் ஏழு பேர் சாயங்காலமானால் ஸ்கூல் மைதானத்துக்குப் போனோம். அங்கே கொடிமரத்துக்கு ஒரு சிமெண்டு மேடை உண்டு. அதில் நின்றுதான் எல்லாருமே முதலில் வண்டியில் ஏறினோம். ரெண்டு வாரத்தில் மற்ற ஆறு பேரும் ஒரு காலைப் பெடலில் வைத்து, மறுகாலால் தரையை உந்தி ஏறப் பழகிவிட்டார்கள். நான் மட்டும் மேடையை விடவில்லை. ஏற மேடை, இறங்கவும் மேடை. நடுவில் எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஓட்டுவேன்.

எங்கள் சூப்பர்வைசருக்கு எதையும் விழாவாக்கிவிட வேண்டும். கற்றுக்கொண்டதற்கு அடையாளமாக, சனி ஞாயிறு ரெண்டு நாள் கங்கைகொண்ட சோழபுரம் போய், எல்லாரும் சேர்ந்து சைக்கிள் விடலாம் என்றார். ஜெயங்கொண்டம் வரைக்கும் பஸ், அங்கிருந்து வாடகை சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை மீன்சுருட்டி வரை போய்த் திரும்ப வேண்டும்.

மீன்சுருட்டியா என்று ரெண்டு தரம் கேட்டுக்கொண்டேன். அங்கேதான் என் நாத்தனார் இருந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி, ஐம்பதைத் தொட்டவர். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வார். பொங்கலுக்குப் போனபோது நான் சைக்கிள் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னதும், கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போதே, "இவளா? நிக்கிற பஸ்ஸுல ஏறவே என் தம்பி கையப் புடிப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் தம்பியும் சிரித்தார். நானும் விடவில்லை. "ஒரு நாளு உங்க வாசல்ல வந்து சைக்கிள்லேர்ந்து இறங்குறேனா இல்லையா பாருங்கண்ணி" என்று சொல்லிவிட்டேன். ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் இறங்குகிறேன் என்றுதான் வந்தது.

ஜெயங்கொண்டத்துக் கடையில் லேடீஸ் சைக்கிள் ரெண்டுதான் இருந்தது. ஒன்று சூப்பர்வைசருக்கு, ஒன்று எங்களில் வயதில் பெரியவருக்கு. எனக்கு பார் வைத்த வண்டி. என் பக்கத்தில் வந்த டீச்சர் லப்பைக்குடிகாடு ஊர்க்காரி. அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முக்காடு பறக்க ஓட்டுவாள். எனக்கு எங்கெங்கே கிலோமீட்டர் கல் வருகிறது என்று முன்னால் போய்ப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. "டீச்சர், கல்லு வருது, தாகம்னா இங்கயே குடிச்சுக்கங்க. அடுத்தது தூரம்" என்பாள். தாகம், களைப்பு எல்லாம் நெடுஞ்சாலைத் துறை கல் வைத்த இடத்தில்தான் எனக்கு வர வேண்டியிருந்தது.

கோயில் வாசலில் சூப்பர்வைசர் விசில் அடித்தார். எல்லாரும் டக் டக்கென்று இறங்கினார்கள். எனக்குத் தோதாக ஒரு கல்லும் கண்ணில் படவில்லை. நிறுத்தாமல் மதிலோரமாக ஓட்டிக்கொண்டே போனேன். சுற்றி வந்தேன். "மூணு சுத்து முடிச்சாத்தான் பலன்" என்று கத்தினாள் கருப்புக் கண்ணாடி. ரெண்டாவது சுற்றில் டீக்கடை முன்னால் உட்காரப் போட்டிருந்த ஒரு கல் சிக்கியது. காலை வைத்து இறங்கி, கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தேன். இவ்வளவு கல்லைக் கொண்டுவந்து அடுக்கிய ராஜா, ரோட்டோரம் ஒரு நாலு கல்லைப் போட்டிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. கோயிலைப் பார்த்து அப்படித் தோன்றியதற்கு எனக்கே வெட்கமாகவும் இருந்தது.

சோழர் தலைநகரத்தில் நாங்கள் தங்கியதும் ஒரு பால்வாடியில்தான். மறுநாள் காலையில் மாளிகைமேட்டுக்குப் போனோம். அரண்மனை என்றார் சூப்பர்வைசர். முழங்கால் உயரத்துக்குச் செங்கல் சுவர்கள், நடுவில் நாலைந்து ஆடுகள். கிளம்பும்போது அந்தச் சுவரில் ஒரு காலை வைத்து வண்டியில் ஏறப் பார்த்தேன். காவல்காரர் ஓடிவந்தார்.

"யம்மா, அது ராஜா காலத்துச் செவுரும்மா."

"அதான் கெட்டியா இருக்கும்னு பார்த்தேங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே மெயின் ரோட்டுக்கு நடந்தேன்.

மீன்சுருட்டி போகும் வழி முழுக்க ஒரே யோசனை. அண்ணி வீட்டு வாசல் எனக்குத் தெரியும். படி கிடையாது, திட்டு கிடையாது, மழமழவென்று சாணி தெளித்த தரை. என்ன ஆனாலும் அங்கே கல்லில்லாமல் குதித்துவிடுவது என்று முடிவு செய்தேன். விழுந்தாலும் விழுந்து தொலைகிறேன், பயந்தாங்கொள்ளி என்ற பெயர் போனால் சரி.

தெருவில் திரும்பியதுமே பார்த்துவிட்டேன். வாசலுக்கு நேராக, கொல்லைப்புறத்துத் துணி துவைக்கிற கல் கிடந்தது. நன்றாகக் கழுவி வைத்திருந்தது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வீட்டுக்காரர் போன் போட்டுச் சொல்லி என் மானத்தை வாங்கிவிட்டார், அவர் அக்காவும் ஊரைக் கூட்டி வைத்து வேடிக்கை பார்க்கப் போகிறார். குதிக்கிற துணிச்சலெல்லாம் அந்தக் கல்லைப் பார்த்ததும் போய்விட்டது. பேசாமல் அதில் காலை வைத்து இறங்கினேன்.

அண்ணி சிரிக்கவில்லை. எல்லாருக்கும் மோர் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தக் கல்மேல் ஏறி நின்றார்.

"வண்டியக் கிட்ட கொண்டா."

"எதுக்குண்ணி?"

"கல்லுலேர்ந்துதான் நீ ஏறுறேன்னு தம்பி சொன்னான். அப்படின்னா நானும் ஏறிரலாம்ல. நேத்தே உருட்டியாந்து போட்டுட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்குன்னா நெனச்ச? நீதான் ஓட்டுறியே" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. எனக்கு அது போதுமாக இருந்தது. வண்டியைக் கல்லோடு ஒட்டி நிறுத்தினேன். பாரைத் தாண்டிக் காலைப் போட்டு உட்கார்ந்தார். ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "விட்டுறாதடி" என்றார். கொடிமரத்தடியில் நான் கத்திய அதே வார்த்தை. கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மற்ற ஆறு பேரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

தெருமுனை வந்தது. அண்ணி திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"இறங்கணும்டி. இங்க கல்லு எங்க?"

கல் அவர் வாசலிலேயே கிடந்தது.