பத்து அடிக்குள் கூப்பிடுவான்

ஊர் சுற்றிக் காட்டுகிற தொழிலில் கால் தேய்வதைவிட வாய் தேய்வதுதான் அதிகம். வாடிக்கைக்காரரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துப் பிழைக்கிற எல்லோருக்கும் நான் சொல்லப்போவது புரியும்.

நான் அடுகோடிக்காரன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. இங்கிலீஷ், பட்டாளத்து பாரக்ஸில் மூட்டை தூக்கியபோது காதில் விழுந்து ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரன் ஆட்சி போய்ப் பத்து வருஷம் கழித்து, வேடிக்கை பார்க்க வருகிற வெளிநாட்டாருக்காகக் கண்டோன்மெண்டில் ஒரு ஹோட்டல் கேட்டில் நிற்க ஆரம்பித்தேன். நிற்பது மானேஜர் தயவு. என் முன்கோபம் அவருக்கும் தெரியும். "உன் கத்தலைப் பத்தி மூணு புகார் வந்தா, அப்புறம் இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த கேட்டை விட்டால் எனக்கு மறுபடி மூட்டைதான்.

வெயில் தொப்பி

மெட்ராஸில் கப்பலிறங்கி ரயிலேறி வந்த ஜெர்மன்காரர் ஒருவர். ஆடி மாதம். தலையில் வெயில் தொப்பி, மேலே மெல்லிய சட்டை. நந்தி மலைக்குக் கிளம்பும்போதே, "ஸ்வெட்டர் எடுத்துக்குங்க துரை" என்றேன். வெப்ப நாட்டில் ஸ்வெட்டரா என்று கையிலிருந்த புத்தகத்தைத் திறந்து காட்டினார். அதை எழுதியவன் மெட்ராஸோடு திரும்பிப் போயிருப்பான்.

மலைமேல் மூடுபனி, சாரல், காற்று. தொப்பி பறந்து பள்ளத்தில் விழுந்தது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்ட மனுஷருக்கு என் கம்பளியைப் போர்த்திக் கீழே கூட்டிவந்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஹோட்டல் வராந்தாவில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, "சொன்னேனா இல்லையா? உங்க புத்தகமா வந்து போத்திவிட்டுது?" என்று கத்திவிட்டேன். அவர் கம்பளியை அழகாக மடித்துக் கொடுத்தார். புகார் சொல்ல மானேஜர் அறைக்குப் போகுமுன் என்னிடம் சொன்னார்: "நீ சொன்னது சரிதான். இத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்."

கொதித்த தண்ணீர்

கொதிக்காத தண்ணீரைத் தொடாதீர்கள் என்பதுதான் வெளிநாட்டாருக்கு நான் சொல்கிற முதல் பாடம். லால்பாக் சுற்றிவிட்டு ஓர் அமெரிக்கத் தம்பதிக்குத் தாகம் எடுத்தது. வாசலில் டீக்கடை போட்டிருந்த கௌடரிடம், தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவரும் கொதிக்க வைத்தார். இரண்டு டம்ளரில் ஊற்றினார். பிறகு, என் கண்ணெதிரே, பானையிலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு ஆளுக்குக் கொஞ்சம் விளாவி, சிரித்த முகத்தோடு நீட்டினார்.

டம்ளரைப் பிடுங்கி ரோட்டில் கொட்டிவிட்டு நான் போட்ட சத்தத்தில் பூங்காவுக்குள்ளிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். தம்பதிக்கு விஷயம் புரியவில்லை. தண்ணீர் கொடுத்த கிழவரை ஒரு முரடன் திட்டுகிறான், அவ்வளவுதான் தெரிந்தது. அன்று சாயங்காலமே புகார் இரண்டாயிற்று. கௌடர் என்னிடம் கேட்டது இதுதான்: "ஏன் ஸ்வாமி, கொதிக்க வைன்னே, வெச்சேன். அப்படியே குடிச்சா வாய் வெந்துபோகாதா, பாவம்?"

விளக்கு வாங்கிய ஆசிரியை

அதற்கப்புறம் வந்தவர் இங்கிலாந்துக்காரப் பள்ளிக்கூட ஆசிரியை, ஓய்வு பெற்றவர். அவென்யூ ரோட்டில் பித்தளை விளக்கு ஒன்றின்மேல் கண் வைத்தார். பேரம் எனக்குக் கைவந்த கலை. ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தேன்: "பாதி விலைக்குக் கேளுங்க மேடம். முடியாதும்பான். நடங்க. திரும்பிப் பார்க்காதீங்க. பத்து அடிக்குள்ள கூப்பிடுவான்."

கடைக்கார பாய் ஏழாவது அடியில், "ஆவ் மேம்சாப், ஆவ்!" என்றார். விளக்கை மடியில் வைத்துக்கொண்டு அந்தம்மா குதிரை வண்டியில் வழியெல்லாம் சிரித்தார்.

மறுநாள் காலை கேட்டில் வந்து, ஸ்ரீரங்கப்பட்டணம் போய்வர என்ன கேட்கிறாய் என்றார். சொன்னேன். நேரே பாதிக்குக் கேட்டார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நான் சொல்லிக்கொடுத்த வித்தையை என்னிடமேவா? முடியாது என்றேன். அந்தம்மா திரும்பி நடந்தார்.

வராந்தாவில் மானேஜர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கத்தினால் மூன்றாவது புகார். மூன்று அடி, நாலு அடி. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆறு, ஏழு. எத்தனை கடையிலிருந்து நான் இப்படி விறைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன்! பின்னால் நிற்கிறவன் முகம் எப்படியிருக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்போது அந்த முகம் என்னுடையது. எட்டு, ஒன்பது.

பத்தாவது அடியில் அந்தம்மா நின்றுவிட்டார். திரும்பவில்லை. சும்மா நின்றார்.

"வாங்க மேடம்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

திரும்பி வந்தார். நான் முதலில் சொன்ன தொகைக்கே தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "அந்தக் கடைக்காரர் ஏழிலேயே கூப்பிட்டார். நீ கூப்பிடாமலே விட்டுவிடுவாயோ என்று பயந்துவிட்டேன்."

இன்றைக்கும் அதே கேட்டில்தான் நிற்கிறேன். கோபம் வந்தால் பத்து அடி நடந்துவிடுகிறேன், யாரும் கூப்பிடாததால் நானே திரும்பி வந்துவிடுகிறேன்.